பொருளைச் சொல்லும் செயலி மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

எனக்குக் கண் தெரியாது. கேமராவில் காட்டும் பொருளை என்னவென்று வாய்விட்டுச் சொல்ல என் போனில் சீயிங் ஏஐ, லுக்அவுட், பி மை ஐஸ், ரூபாய் நோட்டுக்கு மட்டும் ரிசர்வ் வங்கியின் மணி என்று நான்கு செயலிகள் இருக்கின்றன. அடுப்படியில் நிற்கும்போது மட்டும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது ஏதாவது ஒன்றைத் திறக்கிறேன். எல்லாமே மக்கர் செய்யும், ஆனால் ஒரே மாதிரி செய்யாது. எழுத்தைப் படிப்பது, பார்கோடு பார்ப்பது போன்ற பழைய வகை வேலைகளில் செயலிக்கு விளங்கவில்லை என்றால் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ளும். படத்தைப் பார்த்து விவரித்துச் சொல்லும் புது ஏஐ வகை இருக்கிறதே, அது விளங்காவிட்டாலும் பேசும், அளந்துவிடும். முதலாவது வாயடைத்தால் நாம் பொருளைக் காட்டும் விதத்தைச் சரிசெய்ய வேண்டும், இரண்டாவது அளந்துவிட்டால் நாம் கேட்கும் கேள்வியைச் சரிசெய்ய வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் ஆரம்பத்தில் நான் செயலியை நீக்கி நீக்கி மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன், ஒரு பயனும் இல்லை.

நான் ஆண்ட்ராய்டு போனும், அதன் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கும் வைத்திருப்பவன். ஐபோன்காரர்களுக்கு ஆங்காங்கே ஒரு வரி சொல்லியிருக்கிறேன்.

சத்தமே வரவில்லை

முதலில் புளூடூத். சிரிக்க வேண்டாம், நான் அரை மணி நேரம் ஊமைப் போனோடு போராடிய பிறகுதான், சட்டைப்பையில் கிடந்த ஹெட்செட் உள்ளேயே எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதுவும் இல்லையென்றால் வால்யூம். பல ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக் குரலுக்கு ஒரு வால்யூம், செயலியின் சொந்தக் குரலுக்கு மீடியா வால்யூம் என்று தனித்தனியாக இருக்கும், அதனால் டாக்பேக் கணீரென்று பேசும்போதே செயலி மட்டும் முணுமுணுக்கலாம். ஐபோனில் தொட்டால் 'டிக் டிக்' வருகிறது, பேச்சு வரவில்லை என்றால் மூன்று விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள், வாய்ஸ் ஓவர், அதாவது ஐபோனின் டாக்பேக், அதன் பேச்சை நீங்களே தெரியாமல் அணைத்திருப்பீர்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் செயலி திறந்து சும்மா நிற்கிறதா? போட்ட அன்றைக்கு கேமரா அனுமதி கேட்டபோது அவசரத்தில் 'வேண்டாம்' கொடுத்திருக்கலாம். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குள் போய் அனுமதியைக் கொடுங்கள்.

திறந்திருக்கிறது, ஆனால் எதையும் படிக்க மாட்டேன் என்கிறது

வெளிச்சம். நம் வீடுகளில் இதுதான் முதல் காரணம், ஏனென்றால் நமக்கு லைட் தேவையில்லை, ஆனால் கேமராவுக்குத் தேவை. தனியாக இருக்கும்போது நான் சாயங்காலம் லைட் போடுவதே கிடையாது. சீயிங் ஏஐயில் வெளிச்சத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, போனைத் திருப்பினால் வெளிச்சம் கூடும் பக்கத்தில் ஓசையின் சுருதி ஏறும். அதை ஒரு தடவை திறந்து ஓசை கட்டைக்குரலாக இருந்தால் சுவிட்சைத் தட்டிவிட்டு மேலே போங்கள்.

அப்புறம் லென்ஸ். தோசை சுட்டுக்கொண்டே போனை எடுத்தால் லென்ஸில் எண்ணெய்க்கை படாமல் இருக்காது. துண்டின் காய்ந்த முனையால் ஒரு தேய் தேய்த்தால் போதும். இதற்காகவே அடுப்படி ஆணியில் ஒரு பழைய கைக்குட்டையைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

வெளிச்சமும் லென்ஸும் சரி, இன்னும் படிக்கவில்லை என்றால் தூரம். பெரும்பாலோர் பொருளுக்கு மிகக் கிட்டத்தில் பிடிக்கிறோம். நான் செய்வது இது: பொருளை மேசையில் வைத்துவிட்டு, போனை அதன் மேலேயே படுக்க வைத்து, கேமரா போனின் மேல் மூலையில் இருப்பதால் அந்த மூலை பொருளின் நடுவுக்கு வரும்படி நகர்த்தி, பிறகு முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு ஒரு சாண் உயரத்துக்கு மெதுவாக மேலே தூக்குவேன். முழங்கை ஊன்றுவது முக்கியம், அந்தரத்தில் பிடித்த கை ஆடும், ஆடினால் எழுத்து கலங்கும். ஒரு சாணில் ஒன்றும் வரவில்லையா, இன்னும் நான்கு விரற்கடை தூக்கிவிட்டு இரண்டு மூச்சு விடும் நேரம் பொறுங்கள்.

பாட்டில், டப்பா மாதிரி உருண்டையானவற்றில் லேபிள் வளைந்து போவதால் ஒரு பார்வையில் பாதிப் பெயர்தான் விழும். போனை அசைக்காமல் டப்பாவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். பாலிதீன் பாக்கெட் என்றால் உள்ளிருப்பதை ஒரு பக்கம் தள்ளிச் சுருக்கத்தை நீவிவிட்டுக் காட்டுங்கள்.

படிக்கிறது, ஆனால் வாயில் நுழையாத எழுத்துகளைக் கொட்டுகிறது

தமிழ் எழுத்து இருக்கும் பக்கத்தைக் காட்டியிருப்பீர்கள். ஆங்கிலத்துக்குப் பழக்கிய பிரிவு நம் 'ழ'வையும் 'ண'வையும் பார்த்து ஏதோ ஆங்கில எழுத்து என்று நினைத்து உளறும். பாக்கெட்டைத் திருப்பிக் காட்டுங்கள். பொட்டலம் கட்டி விற்கும் பொருள்களில் எடை, விலை, தேதி விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்கிறது, அதனால் நம்மூரில் பெரும்பாலும் எங்கோ ஒரு பக்கத்தில் ஆங்கிலம் இருக்கும். தமிழையே படிக்க வேண்டுமென்றால் கூகுள் லென்ஸ் எனக்குக் கைகொடுக்கிறது.

லென்ஸ் தமிழை எடுத்துவிட்டது, டாக்பேக் அதைப் படிக்காமல் தாண்டிப் போகிறது என்றால் கோளாறு கேமராவில் இல்லை, போனில் தமிழ்க் குரல் இறக்கப்படவில்லை. எழுத்திலிருந்து பேச்சு என்கிற அமைப்புக்குள் போய்த் தமிழ்க் குரலை இறக்கினால் தீர்ந்தது.

பார்கோடு கிடைக்க மாட்டேன் என்கிறது, கிடைத்தாலும் பெயர் வர மாட்டேன் என்கிறது

இவை இரண்டு வேறு கோளாறுகள், ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கிடைக்கவே இல்லை என்றால் தேடும் வேகம்தான் காரணம். சீயிங் ஏஐயில் பார்கோடு நெருங்க நெருங்க 'பீப்' வேகமாகும். முதல் பீப் கேட்டதும் நாம் ஆர்வத்தில் பொருளை ஆட்டிவிடுகிறோம், அங்கேயே நின்றுவிட வேண்டும். எங்கே தேடுவது என்று கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சோப்பு, பற்பசை அட்டைப்பெட்டி என்றால் குறுகலான பக்கங்களை முதலில் காட்டுவேன், பிஸ்கட் பாக்கெட் என்றால் முதுகில் ஒட்டுத் தையல் ஓடும் பக்கம், பாட்டில் என்றால் லேபிளின் விளிம்பு தட்டுப்படுகிற இடம்.

பீப் எல்லாம் அடித்து, கோடும் கிடைத்து, 'பொருள் தெரியவில்லை' என்று வந்தால் உங்கள் கைமேல் தப்பில்லை. பார்கோட்டில் பொருளின் பெயர் இருக்காது, வெறும் எண்தான், பெரும்பாலும் 13 இலக்கம். அந்த எண்ணை ஒரு பட்டியலில் தேடித்தான் செயலி பெயரைச் சொல்கிறது. இந்திய நிறுவனங்கள் இங்கே வாங்கும் எண்கள் 890 என்று தொடங்கும், பெரிய கம்பெனிச் சரக்கு பட்டியலில் இருக்கும், பக்கத்து ஊர் அப்பளமும் சுய உதவிக்குழு ஊறுகாயும் இருக்காது. அதைவிட வேடிக்கை, சூப்பர் மார்க்கெட்டில் அவர்களே எடைபோட்டுக் கட்டிக்கொடுக்கும் பருப்பு. அதன் மேலும் ஒரு பார்கோடு ஸ்டிக்கர் இருக்கும், ஸ்கேன் ஆகும், ஆனால் 13 இலக்கத்தில் 2 என்று தொடங்கும் எண்கள் அந்தந்தக் கடை தன் உபயோகத்துக்குப் போட்டுக்கொள்பவை. அந்தக் கடையின் கல்லாவைத் தவிர உலகில் வேறு யாருக்கும் அது புரியாது. இந்த இடத்தில் பார்கோட்டை விட்டுவிட்டு ஸ்டிக்கரின் எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள், பெயரும் எடையும் அதிலேயே அச்சாகியிருக்கும்.

பால் பாக்கெட் நிறத்தை மாற்றி மாற்றிச் சொல்கிறது

ஆவின் பாலில் நீலம், பச்சை, ஆரஞ்சு மூன்றும் கைக்கு ஒன்றுதான். கண்ணுள்ளவர்களுக்கு நிறமே பெயர், 'ஒரு பச்சை கொடுங்க' என்றால் முடிந்தது. நாம் நிறம் சொல்லும் பிரிவைத் திறந்தால் ஒரு தடவை நீலம், ஒரு தடவை சாம்பல், இன்னொரு தடவை வெள்ளை. வெள்ளை வந்தால் பாக்கெட்டில் வெள்ளையான இடத்தைக் காட்டியிருக்கிறீர்கள். சாம்பல் வந்தால் வெளிச்சம் போதவில்லை. மஞ்சள் பல்பின் கீழ் எல்லா நிறமும் கொஞ்சம் பொய் சொல்லும், ஜன்னலோரப் பகல் வெளிச்சம்தான் நம்பகம். இன்னொன்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் பாக்கெட் வியர்க்கும், துடைத்துவிட்டுக் காட்டுங்கள். செயலி சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை, உதாரணமாக வெள்ளைத் தாளை, முதலில் காட்டுங்கள், அதையே சாம்பல் என்றால் லைட்டைப் பாருங்கள்.

உண்மையைச் சொன்னால் நான் இதற்குச் செயலியை நாடுவது குறைந்துவிட்டது. வாங்கி வந்ததும் பச்சையை ஃபிரிட்ஜின் கதவில் வைக்கிறேன், நீலத்தை உள்தட்டில்.

ரூபாய் நோட்டை அடையாளம் சொல்லவில்லை

மணி செயலி 2020 ஜனவரி 1 அன்று வந்தது, நெட் இல்லாமலும் வேலை செய்யும். முதலில் இந்தியும் ஆங்கிலமும்தான் பேசியது, இப்போது தமிழும் பேசுகிறது. நோட்டைப் பாதியாக மடித்துக் காட்டினாலும் சொல்லும், இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும். இவ்வளவு இருந்தும் சொல்லவில்லை என்றால் நோட்டு நான்காக மடிந்திருக்கும், அல்லது விரல்கள் பாதி நோட்டை மறைத்திருக்கும், அல்லது கீழே விரித்திருக்கும் பூப்போட்ட மேசை விரிப்பு குழப்பியிருக்கும். வெற்று மேசையில் நோட்டை வைத்து, மேலே சொன்ன முழங்கை வித்தையைச் செய்யுங்கள். பஸ்ஸில் சத்தமாக 'ஐந்நூறு ரூபாய்' என்று அறிவிக்கிறதே என்று கூச்சப்படுபவர்களுக்கு அதிர்வு முறையும் இருக்கிறது.

செயலி சொல்லும் பதிலைச் சந்தேகப்பட்டால் கை இருக்கிறது, ஆனால் புது நோட்டுகளில் கை தடுமாறும். 100, 200, 500 மூன்றுக்கும் அகலம் ஒரே 66 மி.மீ., நீளம் 142, 146, 150. நான்கு நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மூன்று நோட்டை வைத்தவர்களை என்ன சொல்வது! ஓரத்தில் சாய்கோடுகள் தடவத் தெரியும், 100க்கும் 200க்கும் நான்கு, 500க்கு ஐந்து. சலவை நோட்டில் தெரியும், மீன் மார்க்கெட் நோட்டில் தேய்ந்திருக்கும். இன்னொரு விஷயம், மணி நோட்டின் மதிப்பைத்தான் சொல்லும், கள்ள நோட்டா நல்ல நோட்டா என்று சொல்லாது.

ஏஐ இல்லாததைச் சொல்கிறது

இதைத்தான் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

போன வருஷம் ஒரு இருமல் மாத்திரை அட்டை மிச்சமிருந்தது, நான்கு மாத்திரை. படத்தை எடுத்து ஒரு ஏஐ செயலியிடம் 'இது என்ன மாத்திரை, எப்போது காலாவதி?' என்று கேட்டேன். பெயரைச் சொன்னது, சரியாக இருந்தது. காலாவதி மாதமும் வருஷமும் சொன்னது, கம்பீரமாக. மறுநாள் அக்கா மகன் வந்திருந்தான், கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, 'மாமா, இதுல தேதியே இல்லையே, அந்த முனைய வெட்டிட்டாங்களே' என்றான். தேதி அச்சடித்த முனையை வெட்டி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு மீதியை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இல்லாத தேதியை ஏஐ எங்கிருந்து எடுத்தது? தேதி கேட்டேன், தேதி மாதிரி ஒன்றைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் கேள்வி மாறிவிட்டது. 'எப்போது காலாவதி?' என்று கேட்பதில்லை. 'இந்த அட்டையில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை மட்டும், இருக்கிறபடியே, வரிசையாகப் படி. தெளிவாகத் தெரியாததைத் தெரியவில்லை என்று சொல். அட்டையின் எந்த ஓரமாவது வெட்டப்பட்டிருக்கிறதா?' என்று கேட்கிறேன். இப்படிக் கேட்டால் அளப்பது குறைகிறது, நின்றுவிடுவதில்லை. அதனால் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம் எடுத்து, புது உரையாடலாகத் தொடங்கி, அதே கேள்வியைக் கேட்கிறேன். இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் தூக்கிப் போட்டுவிடுவேன். 50 மி.கி.யா 500 மி.கி.யா என்பதில் ஒரு சுழியம் கூடக் குறைய இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒத்துப்போனாலும் மருந்து விஷயத்தில் ஏஐயோடு நிற்காதீர்கள், வேறு வழியில் ஒரு தடவை சரிபாருங்கள். எழுத்துப் படிக்கும் பிரிவில் அதே அட்டையைக் காட்டுங்கள். அதற்கும் தெரியவில்லை என்றால் பி மை ஐஸில் மனிதரைக் கூப்பிடுங்கள். இந்தச் செயலி டென்மார்க்கின் ஹான்ஸ் யோர்கன் விபெர்க் தொடங்கியது, 2015 ஜனவரியில் வந்தது, அப்போது ஏஐ எல்லாம் கிடையாது, பார்வையுள்ள தன்னார்வலர் வீடியோவில் வந்து பார்த்துச் சொல்வார், காசு கிடையாது. 2023இல்தான் பி மை ஏஐ சேர்ந்தது. பலர் ஏஐ வந்த பிறகு அந்த மனித அழைப்பு இருப்பதையே மறந்துவிட்டார்கள். தமிழ் பேசுபவர் கிடைக்க, செயலியின் மொழி அமைப்பில் தமிழையும் சேர்த்து வையுங்கள்.

மாத்திரை அட்டையில் படிக்க முடியாமல் போவதற்குப் பளபளப்பும் ஒரு காரணம். ஃபிளாஷ் எரிந்தால் அலுமினியத் தாளில் வெளிச்சம் திருப்பி அடித்து எழுத்தை விழுங்கிவிடும், ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். மையில்லாமல் வெறுமே அழுத்திப் பதித்த தேதி என்றால், களிம்பு டியூபின் வாலில் இருப்பதுபோல, நேர் வெளிச்சத்தில் எந்த கேமராவுக்கும் தெரியாது. பக்கவாட்டிலிருந்து ஒரு டார்ச் அடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். ஒரு கையில் டியூப், ஒரு கையில் போன், டார்ச்சைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும், நான் டம்ளரில் சாய்த்து வைத்துக்கொள்கிறேன்.

2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் 300 மருந்து பிராண்டுகளுக்குக் க்யூஆர் கோடு கட்டாயம் என்று வந்திருக்கிறது, பெயர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். அது அட்டையில் இல்லாமல் வெளிப்பெட்டியில் இருக்கலாம். அதனால் மெடிக்கலில் வாங்கும்போதே முழு அட்டையாக, பெட்டியோடு கேளுங்கள். வெட்டித்தான் தருவேன் என்றால், 'தேதி இருக்கிற பக்கத்தை எனக்குக் கொடுங்கண்ணே, நான் இந்த முனையிலிருந்து சாப்பிட்டுக்கொள்கிறேன்' என்று சொல்லுங்கள், எங்கள் தெருமுனைக் கடைக்காரர் இப்போது கேட்காமலே அப்படிச் செய்கிறார்.

சுற்றிக்கொண்டே இருக்கிறது, பதில் வரவில்லை

நெட். விவரித்துச் சொல்லும் ஏஐ பிரிவுகளுக்குப் படம் வெளியே எங்கோ போய் வர வேண்டும், கரண்ட் போய் வைஃபை செத்திருந்தால் பதில் வராது. மணியும் சீயிங் ஏஐயின் சிறு எழுத்துப் பிரிவும் போனுக்குள்ளேயே வேலை செய்பவை. படம் வெளியே போகிறது என்பதால் ஏடிஎம் கார்டு, பாஸ்புக், ஆதார் இவற்றை ஏஐயிடமும் காட்டாதீர்கள், தன்னார்வலரிடமும் காட்டாதீர்கள்.

போன் கொதிக்கிறது, சார்ஜ் இறங்குகிறது என்றால் கேமராவைத் திறந்தபடியே சட்டைப்பையில் போட்டிருக்கிறீர்கள். செயலியை மூடிவிட்டு வையுங்கள்.

எவர்சில்வர் டப்பாவைக் காட்டினால் 'எவர்சில்வர் டப்பா' என்கிறது

அது சரியாகத்தான் சொல்கிறது. மூடியைத் திறந்து காட்டினால் 'மஞ்சள் நிறத் தானியங்கள்' என்று வரும், துவரையா கடலையா பாசியா என்று கேட்டால் ஏதோ ஒன்றைச் சொல்லும். இதற்கு உங்கள் விரல் எத்தனையோ மேல். கடலைப்பருப்பு பெரிது, பாசிப்பருப்பு பொடிசு, நடுவில் துவரை, நான்கு பருப்பை எடுத்து உருட்டினால் தெரிந்துவிடும். மிளகாய்ப்பொடியையும் மல்லிப்பொடியையும் 'செம்பழுப்பு நிறப் பொடி' என்றுதான் சொல்லும், மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒரே நொடி.

கைக்கும் மூக்குக்கும் பிடிபடாதவை கொஞ்சம் இருக்கின்றன. உப்பும் சர்க்கரையும் நாக்கில் வைத்தால் தெரியும், ஆனால் ஒவ்வொரு தடவையும் நக்கிக்கொண்டிருக்க முடியாது, உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு. மைதாவும் சோள மாவும் மாதிரி வெண்மாவு வகையறாவுக்கு நான் செய்வது, பாக்கெட்டைப் பிரிக்கும்போதே பார்கோடு இருக்கும் துண்டைக் கத்தரித்து, செயலி அதன் பெயரைச் சொல்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, டப்பாவின் மூடிக்கு மேலே செலோடேப் போட்டு ஒட்டிவிடுவது. துண்டைத் தட்டையாக ஒட்டுங்கள், வளைந்த பக்கத்தில் ஒட்டினால் மறுபடி கால் சுற்று கால் சுற்றாகத் திருப்ப வேண்டி வரும். டப்பா காலியாகி அடுத்த தடவை வேறு மாவைக் கொட்டும்போது பழைய துண்டை உரித்துவிட வேண்டும், நான் ஒரு தடவை மறந்து மைதாவில் கொழுக்கட்டை பிடித்தேன்.